பெட்டிக்குள் இட்ட முட்டை

சவூதி வேலையை விட்டுத் தென்காசிக்கு வந்த என் கணவர், கோழிகள் முட்டையிடக் கொல்லையில் ஒரு பலகைப் பெட்டி செய்து வைக்கோல் பரப்பினார். கோழிகளோ அவருடைய ஹெல்மெட்டுக்குள் இட்டன, அழுக்குத்துணிக் கூடையில் இட்டன. பெட்டியை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஏற்கெனவே முட்டை கிடந்தால் நம்பி உட்காரும் என்று, மகளின் டேபிள் டென்னிஸ் பந்தை உள்ளே வைத்தோம்.

சாரல் தூறிய ஒரு காலையில் அவர் கத்தினார்: "ஏட்டி, ஓடி வா! பெட்டிக்குள்ள இட்டிருக்கு!"

பந்தை ஒட்டி, சூடு ஆறாத முட்டை. அதை இரு கையிலும் ஏந்தி, நனைந்துகொண்டே தெருவுக்கு ஓடி எதிர்வீட்டு அண்ணாச்சியிடம் காட்டினார்.

"கோழி முட்டைதானடே?"

"பெட்டில இட்டது அண்ணாச்சி!"

மகள் பிறந்தபோது ஊரில் இல்லாத மனிதர், தெருவில் நின்று குதித்தார். நான் சிரித்துச் சிரித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.