வீட்டிலேயே ஐந்தாம் வகுப்பு

மூத்தவளுக்கு ஒன்பது வயதில் வாதக் காய்ச்சல் வந்தது. இதயத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது, ஒரு வருடத்துக்குப் பஸ் வேண்டாம், மாடிப்படி வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் பள்ளி ஹைதராபாதில், மெட்டுகுடாவில். நாங்கள் அங்கிருந்து பஸ் தூரத்தில், குஷாய்குடாவில், என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தோம். தலைமை ஆசிரியை செகந்தராபாத் தமிழர்.

"வீட்டுலயே படிக்க வைங்க. ஜூன்ல நானே பரீட்சை வைக்கறேன். பாஸானா ஆறாவது, இல்லேன்னா மறுபடி அஞ்சாவது," என்றார்.

வீட்டில் என்றால் நான்தான். ஏழாம் வகுப்போடு நின்றவள். அடுப்பை அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறவள். என்னால் பிள்ளைக்கு ஒரு வருடம் வீணாகிவிடுமோ என்று சோறு இறங்கவில்லை.

இப்படிப் படிக்கவைத்தவர்கள் யாராவது உண்டா என்று ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாப்பிலும் விசாரித்தேன். "ட்யூஷனா?" என்றார்கள். "இல்ல, ஸ்கூலே வீட்டுலதான்" என்றால் பரிதாபமாகப் பார்த்தார்கள். கணவர் தொழிற்சாலை நூலகத்திலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தார். டிரான்சிஸ்டர் பற்றியது. "இருக்கறதுலயே இதுதான் சின்னதா இருந்துச்சு," என்றார்.

மதுரையில் இருந்த தம்பிக்கு எழுதினேன். ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்கள் முழு செட்டும் பார்சலில் வந்தன. எனக்குத் தமிழில் புரிந்துவிட்டால் அவள் இங்கிலீஷில் எழுதிக்கொள்வாள் என்று நினைத்தேன். மொச்சை விதையைத் தலைகீழாக நட்டாலும் வேர் கீழேதான் போகுமாமே! கண்ணாடி பாட்டிலில் நட்டுப் பார்த்தோம். அப்படியேதான் போனது. அவளைவிட நான்தான் அதை அதிகம் எட்டிப் பார்த்தேன்.

கிறிஸ்துமஸ் கேக் கொண்டுவந்த பக்கத்துத் தெரு டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார்.

"அக்கா, இந்த மேப்புல ஹைதராபாதே இல்லையே?"

"பாடம் எல்லா ஊருக்கும் ஒண்ணுதானே, டீச்சர்?"

"கைக்கு? எதுக்கு ஒண்ணா இருக்கணும்? அந்த ஊருக்கு அந்த ஊர்ப் பாடம். இங்க கிருஷ்ணா, கோதாவரி. வைகைய யாரு கேக்கப் போறாங்க?"

மகள் சிரித்தாள். "நான் அப்பவே நெனச்சேன், மம்மி."

"வாயத் தொறந்து சொல்றதுக்கென்னடி?"

"நீங்க ஆசையாச் சொல்லித் தந்துட்டிருந்தீங்க."

அரை வருடம் போய்விட்டது. மறுநாள் டீச்சர் தன் பள்ளியின் பழைய புத்தகங்களைக் கொடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க நடத்த வேணாம், அக்கா. அவ உங்களுக்கு நடத்தட்டும். புரியாம மட்டும் தலைய ஆட்டாதீங்க," என்றார்.

புரியாததைக் கேட்பது எனக்குச் சுலபமாக வந்தது. கோதாவரி மேற்குக் கடலுக்குப் பக்கத்தில் பிறந்துவிட்டு எதற்காக அவ்வளவு தூரம் கிழக்கே ஓடுகிறது? "புக்குல இல்ல, மம்மி." அப்படியானால் யாரைக் கேட்பது? அன்று சாயங்காலம் அப்பாவை அட்லஸ் வாங்கிவரச் சொல்லி, நிலம் கிழக்கே சரிந்திருப்பதை அவளே கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள்.

ஜூனில் அவள் பரீட்சை எழுத, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தேன். தலைமை ஆசிரியை கூப்பிட்டார்.

"ஆறாவதுல உக்காரட்டும். தெலுங்கு மட்டும் சுத்தமா வரல. அந்த பீரியடுக்கு அஞ்சாவதுக்குப் போகணும்," என்று ஐந்தாம் வகுப்புத் தெலுங்குப் புத்தகத்தை மகளிடம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அந்தத் தெலுங்குப் புத்தகத்தை என்னிடம் கொடுக்கச் சொன்னேன்.

"நக்கோ மம்மி, வேணாம். எனக்கே ஒண்ணும் புரியல."

"அதுக்குத்தான் கேக்கறேன்," என்றேன்.