இத்தா வீட்டுக் கிளி

என் கணவர் மௌத்தாகி இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தபோது அந்தக் கிளி எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் இத்தாவில் இருந்தேன். கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அதுதான் இத்தா.

இத்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். அது அல்லாஹ்வின் கட்டளை. ஆனால் அலுமாரிக் கண்ணாடிக்கு வெள்ளைத் துணி போர்த்தச் சொன்னது அல்லாஹ் இல்லை, என் மதினி. கணவரின் மூத்த சகோதரி. பக்கத்துத் தெருவில் இருக்கிறார். என் அறைச் சன்னலுக்கு இரட்டைத் திரை போட்டவரும் அவர்தான். எங்கள் ஊர் கற்பிட்டி, கடற்கரைக் காற்றுக்கு ஓய்வு கிடையாது. திரை உப்புவதும் அடங்குவதுமாக இருக்கும். கட்டிலில் இருந்தபடி நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தெருவில் கழுதை கத்தினால் அது எந்தக் கழுதை, எங்கே போகிறது என்று யோசிப்பேன். அவ்வளவுதான் என் உலகம். பாடசாலையில் தொண்டை வறளப் பாடம் நடத்திப் பழகியவள் நான். சில பின்னேரங்களில் சுவரைக் கடிக்கலாம் போல இருக்கும்.

என் ஒரே மகளும் மருமகனும் என்னோடுதான் இருக்கிறார்கள். மருமகனுக்கு நுரைச்சோலை மின்நிலையத்தில் வேலை. அவரோடு வேலை செய்யும் சிலாபத்துச் சிங்களவர் ஒருவர் குடும்பத்தோடு வெளிநாடு போகத் தயாராகிக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பன் வளர்த்த கிளி வீட்டில் நின்றது. தகப்பன் செத்துப்போனார். கிளியைப் பிளேனில் கொண்டுபோக முடியாது. யாராவது வைத்துக்கொள்வீர்களா என்று அவர் கேட்க, மருமகன் தலையாட்டிவிட்டார்.

"நீங்களும் தனியாத்தானே இரிக்கிறீங்க உம்மா. ஒரு பேச்சுத் துணைக்கி," என்றாள் மகள்.

கூட்டைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்ததும் எட்டிப் பார்த்தேன். பச்சைக் கிளி இல்லை. சாம்பல் நிறம், வால் மட்டும் சிவப்பு. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. கடையில் தொங்கும் உரித்த கோழியைப் போல நெஞ்சு வெறும் தோலாக இருந்தது. "நோய்க் கிளியையா தலையில கட்டிட்டாங்க?" என்று கேட்டேன். நோயில்லையாம். கிழவர் போன நாளிலிருந்து தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்கிறதாம்.

மருமகன் கூட்டருகே குனிந்து, "பயப்படாத, பயப்படாத," என்று சொல்லிக்கொண்டிருந்தார். புது இடத்தில் இறக்கிவிட்டுப் பயப்படாதே என்று சொல்வது சுலபம். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை மன்னாரிலிருந்து விரட்டியபோது, ஒரு பையோடு எங்களைக் கொண்டுவந்து இங்கே இறக்கியவர்கள் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். நான் சின்னப் பிள்ளை. நகத்தைச் சதை தெரியக் கடித்து வைத்திருந்தேன்.

முதல் வில்லங்கம் அந்த வாரமே வந்தது. கேட் சத்தம் கேட்டால் கிளி முதலில் இருமும். வயதான ஆண் சளியை இழுத்து இருமுகிற இருமல். பிறகு கனத்த குரலில், "கவுத?" என்று கேட்கும். சிங்களத்தில் யாரது என்று அர்த்தம். கிழவர் வாசலைப் பார்த்துக் கேட்டுக் கேட்டு அதற்கும் பழகிவிட்டது. ஒரு நாள் அடுத்த வீட்டுப் பெண் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். கேட்டைத் திறந்தவளுக்கு உள்ளேயிருந்து இருமலும் "கவுத?"வும் கேட்டிருக்கின்றன. கஞ்சிப் பாத்திரத்தை மதில்மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. இத்தா வீட்டில் ஓர் ஆண், அதுவும் சிங்களம் பேசுகிற ஆண், என்ற கதை பின்னேர அஸர் தொழுகைக்குள் மதினியிடம் போய்ச் சேர்ந்தது. இரண்டு பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். சலாம் சொன்னார், ஆனால் கண் அறையைச் சுற்றியது.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "கட்டிலுக்குக் கீழயும் பாருங்க மதினி. அலுமாரியத் தொறந்தும் பாருங்க," என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கூடத்திலிருந்து கிளி இருமியது. மதினியோடு வந்த பெண்கள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடினாள். உண்மை தெரிந்த பிறகும் மதினி விடவில்லை.

"கிளியா இருந்தாலும் ஆம்புளக் கொரல்தானே புள்ள. வேலியில போன ஓணான மடியில கட்டின கதையா இரிக்கி," என்றவர், தன் கையாலேயே கூட்டின்மேல் ஒரு கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டுப் போனார். என் இத்தா முடியும்வரை அதை எடுக்கக் கூடாது என்பது உத்தரவு.

எனக்கு இரட்டைத் திரை, கிளிக்குக் கறுப்புத் துணி. கிளி ஒரு சத்தமும் போடவில்லை. வீடு அமைதியானது என்று நாங்களும் இருந்துவிட்டோம். மறுநாள் தீன் வைக்கத் துணியைத் தூக்கிய மகள், "உம்மா" என்று கூப்பிட்ட குரலில் நான் ஓடினேன். துணியின் உட்புறமெல்லாம் இரத்தப் பொட்டு. இருட்டுக்குள் இருந்துகொண்டு, மிச்சமிருந்த இறகையும் பிடுங்கி, தோலையும் கிழித்திருந்தது. அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிந்தேன். மதினிமேல் இருந்த கோபத்தைவிட, சத்தம் வரவில்லையே என்று நிம்மதியாகத் தூங்கிய எங்கள்மேல்தான் எனக்குக் கோபம் அதிகம்.

மருமகன் மௌலவிக்குக் கோல் எடுத்து விஷயத்தைக் கேட்டார். மௌலவி சிரிப்பது எனக்கே கேட்டது. "பறவைக்கிட்ட மறைக்க என்ன இரிக்கி? பாவம், அதுக்கு ஒழுங்கா தீன குடுங்க," என்றார். அதன்பின் சிலாபத்து மிருக வைத்தியரிடம் கூட்டை ஏற்றிக்கொண்டு போனார்கள். நோய் ஒன்றும் இல்லை, பயம்தான் என்றாராம் அந்த டொக்டர் அம்மா. தனியாக விடவேண்டாம், பகல் முழுக்க ஒரே ஆள் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஒரே ஆள் யார்? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூடு என் அறைக்கு வந்தது.

நான் அதை விரும்பி ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். தொழுகைக்குமுன் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போனால் கத்தும். குளிக்கப் போனால் கத்தும். தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸுஜூதுக்குப் போனால்கூட, என் தலை தெரியவில்லை என்று கத்தும். ஏற்கெனவே நாலு சுவருக்குள் இருந்தவளை அது ஒரு கதிரை அளவுக்குள் கொண்டுவந்துவிட்டது. இரண்டொரு தடவை, "வாய மூடு சனியன்," என்று ஏசியும் இருக்கிறேன். அது தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பேச்சு நின்றதும் அலகு நெஞ்சுக்குப் போகும்.

அப்படித்தான் எனக்கு அதன் பயம் பிடிபட்டது. யாராவது பேசிக்கொண்டிருந்தால் அது பிடுங்காது. எவ்வளவு நேரம்தான் ஏசுவது? பாடம் நடத்தத் தொடங்கினேன். ஆறாம் வகுப்புத் தமிழிலிருந்து ஆரம்பித்தேன். எழுவாய், பயனிலை, செயப்படுபொருள். மகள் கதவில் சாய்ந்து நின்று, "உங்கட வகுப்புலயே இதுதான் ஒழுங்கான புள்ள," என்றாள். கடிக்கத் தேங்காய்த் தும்பு கட்டித் தொங்கவிட்டேன். காலையில் தண்ணீர் தெளித்தேன். முதலில் நடுங்கியது, பிறகு தானாகவே சிறகை விரித்துக் காட்டியது. பாண் ஓரத்தை என் கையிலிருந்து வாங்கித் தின்றது. கூட்டைத் திறந்துவிட்டால் கதிரை முதுகில் வந்து நிற்கும். ஒரு நாள் அதன் நெஞ்சில் பென்சில் முனை போலக் கருப்பாக முளை விட்டிருந்தது. தொட்டுப் பார்த்தேன். கடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. கணவருக்காக அழுது முடித்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

இத்தா முடிந்த அன்று மதினியே வந்து சன்னல் திரையைக் கழற்றினார். புளிச்சோறு சமைத்துக் கொண்டுவந்து எனக்கு ஊட்டியும் விட்டார். மனுசி கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த வழியில் தன் தம்பிக்காகச் செய்தார், அவ்வளவுதான். வெளியே இறங்கினேன். வெயில் கண்ணைக் குத்தியது. கடற்காற்றில் கருவாட்டு மணம் வந்தது. கேட் வரை போவதற்குள் உள்ளே கிளி அலறத் தொடங்கியது. "உம்மா, பிடுங்குது," என்றாள் மகள். நான் திரும்பி வந்தேன்.

பாடசாலை விடுமுறை முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் பழக்கிவிடலாம் என்று நினைத்தேன். கேட் வரை போய் வந்தேன். அடுத்த தடவை முனைக் கடை வரை. பிறகு மதினி வீடு வரை. வந்ததும் கிளியிடம், "வந்துட்டேன் பாரு," என்பேன். முன்னேற்றம் இருந்தது, ஆனால் ஆமை வேகம். ஒரு பெண் தன் வீட்டு வாசலைத் தாண்ட ஒரு கிளியிடம் தவணை முறையில் அனுமதி வாங்கிக்கொண்டிருந்தாள். நினைத்தால் எனக்கே வெட்கமாக இருந்தது.

மகள் ஒவ்வொரு நாளும் ஒரே பேச்சைப் பேசினாள். "பென்ஷன எடுத்துட்டு ஊட்டோட இருங்களேன் உம்மா. என்னத்துக்கு இனி அலையிறீங்க? கிளிக்கும் நீங்க வேணும்." மருமகனும் ஓம் என்றார். மதினியும் ஓம் என்றார். கிளியைச் சாட்டி எல்லோரும் எனக்குக் கூடு செய்கிறார்கள் என்று நான் நினைத்தேன். பாடசாலையையும் விட்டால் நான் இந்த வீட்டுக்குள்ளேயே கிழவியாகி, கேட் சத்தம் கேட்டால் இருமிக்கொண்டு கிடப்பேன். அந்தப் பயம் எனக்கு இருந்தது. கிளியின் பயத்தைவிட அது சின்னதில்லை.

முதல் நாள் பாடசாலைக்குப் போனேன். பிள்ளைகள் எழுந்து சலாம் சொன்னார்கள். இரண்டாவது பாடம் நடக்கும்போது போன் அதிர்ந்தது, வாசலுக்கு வந்து எடுத்தேன். மகள்.

"ரெத்தம் வருதும்மா. வாங்க."

"மருந்தப் போடு. பாடத்த முடிச்சிட்டு வாறேன்."

"இப்ப வாங்கம்மா."

"முடிச்சிட்டு வாறேன் மகள்," என்று கட் பண்ணினேன். வகுப்புக்குள் வந்து பலகையில் எழுதினேன். எழுத்து கோணல் மாணலாகப் போனது. அதிபரிடம் சொன்னால் உடனே அனுப்பியிருப்பார். நான் சொல்லவில்லை. பெல் அடிக்கும்வரை இருந்தேன். ஒவ்வொரு நிமிடமும் பாவம் செய்கிற உணர்வோடு இருந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது கிளியின் நெஞ்சு வந்த முதல் நாளில் இருந்தது போல இருந்தது. மாதக்கணக்காக முளைத்ததெல்லாம் கூட்டின் அடியில் கிடந்தது. மகள் பஞ்சும் மருந்துமாகத் தரையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு கிளிக்கு அழுகிற அழுகையில்லை அது.

"உங்களுக்கு இரக்கமே இல்லையா உம்மா?" என்றாள். "வாப்பாவும் இப்பிடித்தான். வாறேன்டு செல்லிட்டுத்தானே போனாங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மௌத்தான அன்று என் கணவரும் அப்படித்தான் போனார். சிலாபத்துக்குச் சாமான் வாங்கப் போகிறேன் என்று பையை எடுத்தார். பஸ்ஸில் நெஞ்சு வலித்து, ஆஸ்பத்திரியில் இருந்து யாரோ ஒருவர் எங்களுக்குக் கோல் எடுத்தார். போனை எடுத்தவள் மகள். அதிலிருந்து அவள் என்னை ஒரு கதவுக்கு அப்பால் விடவில்லை. நான் முனைக் கடைக்குப் போனபோதெல்லாம் கிளி பிடுங்குகிறது என்று கூப்பிட்டவளும் அவள்தான். இத்தனை நாளும் நாங்கள் கிளியைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துச் சண்டை பிடித்திருக்கிறேன்.

அபாயாவைக்கூடக் கழற்றாமல் அவள் பக்கத்தில் தரையில் இருந்தேன். கிளி இறங்கி என் மடிக்கு வந்தது.

"இரக்கம் இரிக்கி மகள். அதாலதான் திரும்பி வந்தேன்."

"நாளைக்கி?"

"நாளைக்கும் போவேன்."

"அது செத்துப் பெய்த்திரும் உம்மா."

"நான் ஊட்டுக்குள்ளேயே இருந்தா, போனவங்க வருவாங்கன்டு அதுக்கு எப்பிடித் தெரியும்? போனாத்தானே வரலாம்."

அவள் பஞ்சை எடுத்து மருந்தில் நனைத்தாள். சொன்ன எனக்கே முழு நம்பிக்கை இல்லை. கிளி செத்துப்போகலாம், மகள் என்னை மன்னிக்காமல் விடலாம், இரண்டுக்கும் இடமிருந்தது. அதன் காயத்துக்கு மருந்து பூசினோம். நான் பிடித்துக்கொள்ள அவள் பூசினாள்.

மறுநாள் காலை கதிரை முதுகில் கிளியை விட்டு, தும்பைக் கட்டித் தொங்கவிட்டு, பையை எடுத்தேன். மகள் கதவில் நின்றாள். போகவேண்டாம் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எப்ப வருவீங்க?" என்று கேட்டாள்.

அவளுடைய வாப்பாவிடம் அன்று நாங்கள் இருவருமே அதைக் கேட்கவில்லை.

"லுஹர் முடிய," என்றேன். பகல் தொழுகை முடிந்ததும்.

கேட்டைச் சாத்திவிட்டுத் தெருவில் இறங்கினேன். கிளி தொடங்கிவிட்டது. நிற்காமல் நடந்தேன். அந்த அலறலுக்கு நடுவில் மகளின் குரல் தெருவரை வந்தது.

"கத்தாத. லுஹர் முடிய வந்திருவாங்க."