எண்ணெய் போட்டால் வந்துவிடும்

கடலூரை அடுத்த குடிகாட்டுப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நாங்கள் செய்வது மெக்னீசியம் ஸ்டியரேட். கொழுப்பு அமிலத்திலிருந்து எடுக்கும் ஒருவகை உப்பு. பார்க்க மைதா போல இருக்கும், தொட்டால் அதைவிட வழவழப்பு. முகப்பவுடர் செய்கிறவர்கள் வாங்கிப் போவார்கள். பவுடர் தோலில் ஒட்டிக்கொள்ளவும் வியர்வையில் வழியாமல் இருக்கவும் இதைக் கலப்பார்கள். லேபில் சோதித்துப் பார்ப்பது என் வேலை. தண்ணீரில் தூவினால் நனையாமல் மேலேயே மிதக்கும்.

வீட்டில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "பவுடர் கம்பெனி" என்பதோடு சரி. செம்மண்டலத்தில் அம்மா, நான், தம்பி. என்னை ஐந்து இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். ஐந்து பேருமே நிறத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு அம்மா என்னை விட்டுவிட்டுத் தம்பிக்குப் பெண் தேட ஆரம்பித்தாள்.

சிதம்பரத்தில் ஒரு பெண் அமைந்தாள். பள்ளிக்கூட டீச்சர். போட்டோவைப் பார்த்ததும் தம்பிக்குப் பிடித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூவரும் போனோம்.

அந்தப் பெண் காபி கொண்டு வந்து கொடுத்தாள். முகத்தில் கனமாக மேக்கப் போட்டிருந்தார்கள். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அம்மா கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, "கொஞ்சம் இப்படிக் கிட்ட வாம்மா" என்றாள். வந்தவளின் கன்னத்தில் அழுத்தித் தேய்த்தாள். கைக்குட்டையில் ஒன்றும் ஒட்டவில்லை. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டி, இதுல ஒங்க கம்பெனி சாமான் கலந்திருக்குமா? தண்ணில போவாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. இன்றைக்கும் அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"தண்ணில போவாதும்மா. எண்ணெ போட்டுத் தொடச்சா வந்துரும்" என்றேன்.

அம்மா அந்தப் பெண்ணிடமே, "கொஞ்சம் தேங்காயெண்ணெ எடுத்தா" என்றாள்.

"என்னங்க இது?" என்று அவளுடைய அப்பா எழுந்தார். அவள் அம்மா அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் எண்ணெயும் வெள்ளைத் துண்டும் எடுத்து வந்தாள். எங்கள் முன்னால் நின்றபடியே முகம் முழுக்க எண்ணெயைத் தேய்த்துத் துடைத்தாள். துண்டில் சந்தன நிறத்தில் திட்டுத் திட்டாக ஏறியது. நெற்றியும் மூக்கும் கன்னமும் அவளுடைய சொந்த நிறத்துக்கு வந்தன. கண்மை கலைந்து கீழே இறங்கியிருந்தது.

"பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"போட்டோல வேற மாதிரி இருந்துச்சு. போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்ற அம்மா, தட்டில் மீதி இருந்த கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பெண்ணின் அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்: "நீயும் எங்க நெறந்தானம்மா."

காரில் அம்மா சித்தியிடம் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "எம்பொண்ணு ஒரே வார்த்தையில சொல்லிட்டா பாரு." வீட்டில் இறங்கும்போது தம்பி, "நீ சும்மா இருந்திருக்கலாம்க்கா" என்றான்.

"நீ வாயத் தொறந்திருக்கலாமே" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்து ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு பெண். இந்த முறை அம்மா ஹேண்ட்பேக்கில் எண்ணெய் பாட்டிலையே கொண்டு வந்துவிட்டாள். மூடி இறுகியிருந்தது. என்னிடம் நீட்டினாள், திறந்து கொடுத்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்த பிறகும் அந்தப் பெண் சிவப்பாகவே இருந்தாள். அன்றைக்கே பூ வைத்துவிட்டு வந்தோம்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசுவாள். என்னிடம் மட்டும் கேட்டதற்குப் பதில். போன மாதம் சமையலறையில் நிறுத்தி, "எம்மேல எதுனா கோவமாம்மா?" என்று கேட்டேன்.

"எண்ணெ பாட்டில நீங்கதான அண்ணி தொறந்து குடுத்தீங்க" என்றாள். கையிலிருந்த கீரையை ஆய்ந்துகொண்டேதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு தனியாகச் சிதம்பரம் போனேன். அந்த டீச்சர்தான் கதவைத் திறந்தாள். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள், விரலில் சிவப்பு மை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பது மெட்டி இல்லாத காலைப் பார்த்ததுமே தெரிந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே கூப்பிடவில்லை.

"அன்னிக்கு நான் அப்படிச் சொல்லிருக்கக் கூடாது" என்றேன்.

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலியே. தெரியாதுன்னு சொல்லிருக்கலாம். அவ்ளோதான்."

"தப்புதாங்க."

"அதுக்கப்புறம் பொண்ணு பாக்கன்னு யார் வந்தாலும் எங்கப்பா உள்ள வுடறதில்ல. கடைக்குப் போயிருக்காரு. ஒங்களப் பாத்தா கத்துவாரு. கெளம்புங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவர் வரும்வரை நின்று அவரிடமும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். தெருமுனையில் யாரோ பையோடு வருவது தெரிந்ததும் எதிர்ப்பக்கமாக வேகமாக நடந்து, கடலூர் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.