படம் படிக்கிற டாக்டரைத் தேடி

இந்த ஊர் கிளினிக்குகளில் உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே "பேனல் ஆப்பா?" என்று கேட்கிறார்கள். மலாயில் ஆப்பா என்றால் 'என்ன' என்று பொருள். நான் ஊரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் மின்பராமரிப்பு பார்ப்பவன். எனக்கு பேனல் என்றால் சுவரில் பதித்த சுவிட்ச் பெட்டிதான். வந்த புதிதில் முதன்முறை கேட்டபோது "த்ரீ பேஸ்" என்று பணிவாகப் பதில் சொன்னேன். கவுன்டர் பெண் அதையும் எழுதிக்கொள்ளப் பார்த்தாள்.

எங்கள் அலுவலகத்தில் தொழிலாளர் பத்திரங்களைக் கவனிக்கும் சரஸ்வதிதான் விளக்கினார். இங்கேயே, காஹாங் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். "பேனல்னா உங்க காப்புறுதி கார்டை ஏத்துக்கிற டாக்டருங்க லிஸ்ட்டு லா அண்ணே. உங்க சுவிட்ச் போர்டு இல்ல." ஊரில் நாம் காப்பீடு என்கிறோம், இங்கே காப்புறுதி. அரசாங்கம் கொடுத்த கார்டு, அதில் உறுதி வேறு இருக்கிறது. கேட்கவே தெம்பாக இருந்தது.

அந்தத் தெம்பு இந்த வருடம் கரைந்தது. மூன்று வாரமாக இருமல். கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்த மலாய் டாக்டர் "ஆடா பாயாங் சிகிட்" என்றார். சிகிட் என்றால் கொஞ்சம் என்று தெரியும். பாயாங் என் காதில் பயம் என்றே விழுந்தது. கொஞ்சம் பயமா என்று அன்பாக விசாரிக்கிறார் என நினைத்து, அதெல்லாம் இல்லை டாக்டர் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பினார்.

கடிதத்தைப் படித்த சரஸ்வதி, "அலமாக், பாயாங்னா நிழல் அண்ணே. நெஞ்சுல நிழல் தெரியுதாம். ரேடியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்ற வரைக்கும் நீங்க வேலைக்கு வரக்கூடாதுன்னு போட்டிருக்காங்க" என்றார். அதற்குப் பிறகு என் காதில் விழுந்த அர்த்தமே சரியாகிவிட்டது. இந்த ஆண்டு ஒப்பந்தம் முடிகிறது. கெட்ட நோய் என்று வந்துவிட்டால் புதுப்பிப்பார்களா, ஊருக்கு அனுப்பிவிடுவார்களா? ஊரில் மனைவியும் ஒன்றாவது படிக்கும் மகளும் என் சம்பளத்தில்தான் இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது.

சரஸ்வதி இரண்டு நாள் போனும் கையுமாக இருந்தார். "மெஷின் பேனல்ல இருக்காம் அண்ணே. படத்தைப் படிக்கிற டாக்டர் பேனல்ல இல்லையாம்." அடுத்த இடத்திலும் இதே பதில். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை. மூன்றாம் நாள்தான் ஒருவர் அகப்பட்டார், அதுவும் வெகு தொலைவில், தங்காக்கில். "பஸ்ல போயிட்டு வந்துருங்க. கார்டு செல்லும்னு ரெண்டு தடவை கேட்டுட்டேன்."

வரிசையாக ஜவுளிக்கடைகள். அவற்றில் ஒன்றின் மேல்மாடியில் அந்த ஸ்கேன் நிலையம். சனிக்கிழமை காலை. டாக்டர் வயதான சீன அம்மையார். புதிதாக எடுத்த படத்தை நெடுநேரம் பார்த்தார். முன்பு காசநோய் வந்ததுண்டா என்று மலாயில் கேட்டார். உண்டு என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் சிவகங்கையில் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டவன் நான். அப்படியானால் இது பழைய தழும்பாக இருக்கலாம், புதியதாகவும் இருக்கலாம். பழைய படம் பார்க்காமல் சொல்ல முடியாது என்றார்.

இங்கே படம் கணினிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. நம் ஊரில் அப்படியில்லை. ஈரம் காய்ந்ததும் பெரிய காக்கி உறையில் போட்டு, இந்தா உன் நெஞ்சு என்று கையில் கொடுத்துவிடுவார்கள். நான் தூக்கிப்போடச் சொன்னதை மனைவி பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் பத்திரப்படுத்தியிருந்தாள். அங்கிருந்தே போன் செய்தேன்.

"எதுக்கு இப்ப அந்தப் படம்?"

"சும்மாதான். ஜன்னல்ல வெளிச்சத்துக்கு நேரா புடிச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"சும்மாவா?" என்றாள். பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டாள்.

டாக்டர் என் போனை வாங்கித் தன் திரைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அதே இடம், அதே அளவு, பழைய தழும்புதான். இருமல் வெறும் சளி. அசல் படம் தபாலில் வந்ததும் கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம், இன்றே எழுதித் தருகிறேன் என்றார். கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் போனைத் திருப்பித் தரவில்லை. படத்தைப் பெரிதாக்கி, வலது நுரையீரலின் கீழே விரலை வைத்தார். இந்த நீல நிறம் என்ன என்று கேட்டார்.

குனிந்து பார்த்தேன். விலா எலும்புகளுக்கு நடுவே ஜன்னல் கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் கொல்லைப்புறத் துணிக்கொடி.

"என் மகளோட பள்ளிக்கூடச் சட்டை டாக்டர்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரியவில்லை. அந்தப் படம் எடுத்த வருடம் அவள் பிறக்கவே இல்லை. இப்போது அவள் சட்டை என் நெஞ்சுக்குள் காய்ந்துகொண்டிருந்தது.