மூடிய முகவரியில் வந்தவர்கள்

மரக்காணத்தில் உப்பு வியாபாரம் செய்யும் என் முதலாளியின் இணையதளத்தை நான்தான் உருவாக்கினேன். அதில் கல்லுப்புக்கான ஒரே பக்கம் மூன்று முகவரிகளில் திறந்தது. எதைக் காட்டுவதென்று தேடுபொறி குழம்பி எங்களைப் பின்னுக்குத் தள்ளியதால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் மூடினேன். மறுநாளே எங்களிடம் உப்பு வாங்கும் கூனிமேட்டுக் கடைக்காரர்கள் முதலாளிக்குப் போன் செய்தார்கள். அவர்கள் போனில் வைத்திருந்த பழைய லிங்க்கைத் தொட்டால் பக்கமே இல்லை என்று வந்ததாம்.

முதலாளி அனுமந்தையிலிருந்து, இணையதள வேலை தெரிந்த ஒரு பெண்ணை வரவழைத்தார். ஒல்லியான உருவம், மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய வாட்ச். ஹெல்மெட்டைக் கழற்றி என் மேசைமேலேயே வைத்தாள். நான் மூடிய முகவரிகளில் வருகிறவர்கள் தானாகவே சரியான முகவரிக்குப் போய்ச்சேரும்படி மாற்றினாள். பிறகு ஒவ்வொன்றையும் போனில் சோதித்தாள். பக்கம் வரும்வரை, ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவதுபோல் “வா, வா” என்று முணுமுணுப்பது அவள் பழக்கம்.

“அந்த ரெண்டும் வேணாத அட்ரஸ்தானே?” என்றேன் எரிச்சலோடு.

“அட்ரஸ் வேணாம்ணா. அதுல வர்ற ஆளு வேணும் இல்ல?”

முதலாளி சிரித்துவிட்டு அவளுக்கு டீ சொன்னார். எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அதன்பின் அவளைப் பார்க்கவில்லை. ஒருதடவையாவது வழி தவறட்டும் என்ற ஆசையில், அந்தப் பழைய முகவரியை இன்னமும் அவ்வப்போது திறந்து பார்க்கிறேன். சரியான பக்கம்தான் வந்து நிற்கிறது. அதற்குள் என் வாயும் “வா, வா” என்று சொல்லிவிடுகிறது.