சிவப்புப் பென்சிலால் வெட்டிய வேலி

எங்கள் கிளை வாய்க்காலின் தலைப்பில் தண்ணீரை மறித்து நிற்கிற இரும்புக் கதவுக்குத் துருசு என்று பெயர். அதை முழுதாகத் திறக்க மேலே உள்ள சக்கரச் சில்லைப் பதினெட்டுச் சுற்றுச் சுற்றவேண்டும். மூடவும் அதே பதினெட்டுத்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். இதில் என்ன இருக்கிறது என்று சிரிப்பார்கள். திறந்ததை ஒரு நொடியில் மூடமுடியாது என்பது இருக்கிறது. அதை நான் படித்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியலில்.

1. ஒரு லொறி

ஐம்பதுகளின் நடுப்பகுதி. உருத்திரபுரத்துக்கு அப்பால் காடு வெட்டிக் குடியேற்றிய பகுதிக்கு நீர்ப்பாசன வேலைகளைப் பார்க்கும் ஓவசியராகப் போனேன். வயது இருபத்தாறு. முதல் நாளே என் மேலதிகாரி, எல்லாரும் பெரிய ஐயா என்கிறவர், என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பாரும். யாழ்ப்பாணத்தில இருந்து சாமான் ஏத்த மாசத்துக்கு ஒரு லொறிதான். சனம் உலகத்தையே கேக்கும். வீடு வீடாப் போய் விசாரியும். தேவையை எழுதும், ஆசையை வெட்டும்."

ஒரு கொப்பியும், ஒரு முனை நீலம் மறுமுனை சிவப்பான பென்சிலும் தந்தார். தேவைக்கு நீலம், ஆசைக்குச் சிவப்பு. அந்த வயதில் அப்படி ஒரு பென்சில் கையில் கிடைத்தால் தலை கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். எனக்கு நன்றாகவே வீங்கியது.

மூன்றாவது வீடு கந்தையா அண்ணையுடையது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் சொந்த நிலம் இல்லாமல் இங்கே வந்தவர். மனைவி பொன்னம்மா அக்கா, பதினாறு வயது மகள் செல்வமலர். மண்வெட்டி, நுளம்பு வலை, விதைநெல் எல்லாம் நீலத்தில் எழுதினேன். கடைசியாக அண்ணை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"வேலி அடைக்கப் பனையோலை கொஞ்சம் வேணும் ஐயா. கிணத்தடியையாவது மறைக்கவேணும்."

"ஓலையோ? சுத்திவரக் காடு கிடக்குது. தடியையும் முள்ளையும் வெட்டிப் போடுங்கோவன்."

"முள்ளு மாட்டை மறிக்கும் ஐயா, கண்ணை மறிக்காது. குழை கட்டிப் பாத்தம். நாலு நாளில காஞ்சு கொட்டுண்டு போச்சு."

பொன்னம்மா அக்கா கதவு நிலைக்குப் பின்னால் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணை திரும்பிப் பார்க்கவும் உள்ளே போய்விட்டார்.

நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் வளர்ந்தவன். எங்கள் வளவு நாலு பக்கமும் திறந்த மணல். யாழ்ப்பாணத்தார் வேலியில்லாமல் மூச்சுவிடமாட்டார்கள் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். வேலி எனக்கு ஒரு அலங்காரச் சோடனை, அவ்வளவுதான். மூன்று வீட்டுக்குப் பொதுவான அந்தக் கிணறு தெருவோரம் இருந்ததையும், எதிரே வாய்க்கால் வெட்டுகிற முப்பது ஆண்கள் தங்கும் வாடி இருந்ததையும் என் கண் பார்க்கத்தான் செய்தது. மண்டைக்குள் போகவில்லை. சிவப்பு முனையைத் திருப்பி 'ஓலை' என்று எழுதியதன்மேல் ஒரு கோடு இழுத்தேன்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்த லொறியில் எனக்குச் சாய்ந்து கிடக்க ஒரு சாய்மனைக் கதிரை வந்தது. 'அலுவலகத் தளபாடம்' என்று நானே நீலத்தில் எழுதியிருந்தேன். ஓலைக்கட்டு வைக்கக்கூடிய இடத்தில் அது கால் நீட்டிக்கொண்டு வந்து இறங்கியது.

2. பதினொரு சுற்று

முறைத் தண்ணீர் விடுகிற நாட்களில் காலை ஏழு மணிக்குத் துருசைத் திறப்பேன். ஒரு வியாழக்கிழமை மாலை, கடைக்கோடி வயலில் பயிர் வாடுகிறது என்று ஒருவர் வந்து முறையிட்டார். நாளைக்கு வெள்ளனத் திறக்கிறேன் என்று அவரை அனுப்பினேன்.

மறுநாள் நிலம் தெளிகிற நேரத்துக்கே சைக்கிளில் போய்விட்டேன். பனி. சைக்கிள் பிறேக் கிறீச்சிட்டது. ஒரு குருவிகூடச் சத்தம் போடவில்லை. கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் மதில் கட்டிய தொட்டி ஒன்று உண்டு. கதவு பூட்டியிருக்கும்போது அதில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். சில்லடியில் நிற்பவனுக்கு உள்ளே இருப்பது தெரியாது. எட்டிப் பார்க்கவேண்டும். நான் எட்டிப் பார்க்கவில்லை.

பதினொரு சுற்று முடிந்திருந்தது. தண்ணீர் இரைந்துகொண்டு போனது. அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண்குரல், சொல்லே இல்லாத ஒரு கத்தல்.

குனிந்து பார்த்தேன். பொன்னம்மா அக்கா மதிலில் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்துத் தொங்கினார். தண்ணீர் கழுத்தில் அடித்தது. "பிள்ளை… பிள்ளையைக் கொண்டுபோகுது" என்றார். செல்வமலரைக் காணவில்லை.

குதித்தால் தண்ணீர் நிற்காது, தாயும் போய்விடுவார். மூடப்போனால் பிள்ளையைப் பிடிக்க ஆளில்லை. நான் சில்லைப் பிடித்தேன். சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பதினொரு சுற்று. கை வழுக்கியது. மூன்றா நாலா என்று எண்ணிக்கை தப்பியது. கந்தையா அண்ணையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்ற ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. கதவு இறுகியதும் தண்ணீர் தணிந்தது. தாயின் கால் நிலத்தில் பட்டதைப் பார்த்துவிட்டுக் கரையால் ஓடினேன்.

நூறு யார் தூரம் தள்ளி ஒரு மருதமரத்து வேருக்குள் அவள் சிக்கிக் கிடந்தாள். கூந்தல் வேரில் சுற்றியிருந்தது. முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே. கண் திறந்திருந்தது. உயிர் இருந்தது. இறங்கிக் கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. மார்புக்கு மேலே கட்டி அவிழ்ந்துபோகிற குறுக்குக்கட்டுச் சீலையை ஒரு கையால் இழுத்து இழுத்து மூடப் பார்த்தாள்.

கழுத்தில் கிடந்த துவாயை எறிந்தேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் பின்னால் நீட்டினேன். அப்போதுதான் பிடித்தாள்.

3. கேட்காத கேள்வி

செல்வமலர் முழங்கால் கிழிந்து மூன்று கிழமை காய்ச்சலில் கிடந்தாள். ஒவ்வொரு நாளும் போனேன். வாசலோடு நின்றேன். காய்ச்சல் விட்ட அன்றுதான் பொன்னம்மா அக்காவிடம் கேட்கத் துணிவு வந்தது.

"ஏனக்கா ஒரு சத்தம் போடேல்லை? நான் வந்த சத்தம் கேட்டிருக்குமே."

"கேட்டது ஐயா. ஆம்பிளை எண்டு தெரிஞ்சுது. நிண்ட கோலத்தில எப்பிடிக் கூப்பிடுறது? மதிலோட ஒட்டிக்கொண்டு நிண்டம். நீங்கள் போனாப்போல ஏறுவம் எண்டு பாத்தம். தண்ணி இவ்வளவு வேகமா ஏறும் எண்டு தெரியேல்லை."

"வாய்க்காலுக்கு ஏன் வந்தனீங்கள்?"

"வெள்ளிக்கிழமை முழுகவேணும். கிணத்தடியில எப்பிடி முழுகிறது? முப்பது பேர் பல்லு விளக்கிக்கொண்டு நிப்பினம். வாடி எழும்ப முந்தி அங்கை போய் முழுகிட்டு வருவம்."

கந்தையா அண்ணை முற்றத்தில் தடி சீவிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் சொன்னார்.

"வேலி வடிவுக்குக் கேக்கிறன் எண்டு நினைச்சிட்டியள், என்ன?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. அவர் பக்கத்தில் குந்தி, சீவிய தடிகளை அடுக்கினேன்.

நடந்ததைப் பெரிய ஐயாவிடம் ஒப்புக்கொண்டேன். அடுத்த லொறியில் பாதி ஓலை. கட்டுகளை நானும் இறக்கினேன், கிணற்றடி வேலிக்குக் கதியால் தடிகள் நட்டேன். சாய்மனைக் கதிரையை எறிந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை, அவ்வளவு நல்லவன் அல்ல நான். ஆனால் கொப்பியில் அதன்மேல் சிவப்புக் கோடு போட்டேன்.

அதன்பிறகு எந்த வீட்டிலும் பென்சிலை எடுக்குமுன் ஒன்று கேட்பேன்: "இது இல்லாட்டி என்ன செய்வியள்?" நிலைக்கண்ணாடி கேட்ட ஒருவர், "ஒண்டுமில்லை ஐயா, இப்ப இருக்கிற மாதிரி இருப்பம்" என்று சிரித்துத் தானே விட்டுவிட்டார். அரிக்கன் லாம்பு இரண்டாவதாக ஒன்று கேட்டவர், "இருட்டில பாம்பை மிதிப்பம்" என்றார். நீலத்தில் எழுதினேன். ஒரே சாமான் ஒரு வீட்டில் ஆசை, அடுத்த வீட்டில் தேவை. வளர்ந்த ஊரும் பிள்ளைகளின் வயதும் எதிரே யார் குடியிருக்கிறார்கள் என்பதும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. என் கொப்பிக்கு அது தெரியாது. கந்தையா அண்ணையிடம் அன்றைக்கே கேட்டிருந்தால், "வாய்க்காலுக்குப் போவம்" என்று அவரோ அக்காவோ சொல்லியிருப்பார்கள்.

ஓய்வுபெறும்வரை துருசைத் தொடுமுன் மதிலோரம் நின்று எட்டிப் பார்ப்பேன், பிறகு சத்தமாகக் கேட்பேன்: "கீழ ஆரும் நிக்கிறியளோ? நான் பாக்கேல்லை, ஏறிப் போங்கோ." முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சுருட்டு எரிந்து முடியும்வரை காத்திருப்பேன். என்னோடு வேலை செய்தவர்கள், பதில்தான் வரவில்லையே, திறவுங்கோவன் என்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் பதினொரு சுற்றுவரை கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.