பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை

தியானத்தால் உடம்புக்கும் மனத்துக்கும் என்னென்ன நன்மை என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதால் அல்ல. அவர்கள் சொல்லும் நன்மைகள் ஒன்றுவிடாமல் எனக்குக் கிடைத்தன. அவை கிடைத்த விதத்தை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷம் நான் மேரியில் வேலை பார்த்தேன். நகராட்சி அலுவலகத்தை அப்போது எல்லாரும் மேரி என்றுதான் சொல்வோம். பிறப்பு இறப்புப் பதிவேடு என் பொறுப்பு. இனி எல்லாம் இங்கிலீஷில்தான், பிரெஞ்சு மட்டும் தெரிந்தவன் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று அலுவலகத்தில் ஓயாத பேச்சு. எனக்குத் தலைவலி பிடித்தது அப்போதுதான். தூக்கம் போயிற்று. சோறு செரிக்கவில்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு முற்றத்துக்குப் பறந்தது. பொறுக்கி எடுத்துக் கழுவி வைத்தவள் என் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான்.

ஒரு நண்பர் சொல்லி, புதுச்சேரியிலிருந்து ஒரு சிறு புத்தகம் வரவழைத்தேன். தியானம் பற்றியது. பிரெஞ்சில் எழுதியது. நம் பக்கத்தில் எத்தனையோ பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததைச் சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். வேலையற்றவர்கள் என்று சிரித்திருக்கிறேன். அதையே ஒரு வெள்ளைக்காரன் அச்சடித்துச் சொன்னதும் பயபக்தியோடு படித்தேன். படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு.

அலுவலகம் பதினொன்றரைக்கு மூடினால் மூன்று மணிக்குத்தான் திறக்கும். பிரெஞ்சுக்காரர்கள் போனபின்னும் அந்தப் பழக்கம் சில காலம் போகவில்லை. ஊரே சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம். நான் பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை கூடத்தில் பாயை விரித்து உட்காருவது என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் சத்தம் கூடாது என்பது என் உத்தரவு.

முதல் வாரம் எல்லாமே சத்தமாக இருந்தது. கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டது. கோழி கத்தியது. சுவர்க்கடிகாரம் அடித்தது. மீன்காரி வாசலில் கூவினாள். நான் கண்ணைத் திறந்து ஒவ்வொன்றுக்கும் மனைவியைத் திட்டினேன். மனம் அடங்கவில்லை என்று அந்தப் புத்தகத்தைத் திட்டத் தோன்றவில்லை.

அவள் ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். தண்ணீரைக் காலையிலேயே இறைத்து வைத்தாள். கோழிகளைப் பின்பக்கத்து வீட்டில் விட்டாள். அது ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போயிருந்தார். அந்த அம்மாளை இவள் லாத்தா என்று கூப்பிடுவாள், கூடப்பிறந்த அக்காளைப்போல. பன்னிரண்டு அடிப்பதற்குமுன் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்திவிடுவாள். மீன்காரி வரும் நேரத்துக்குத் தெருமுனையில் போய் நின்று, வாயில் விரலை வைத்துக் காட்டுவாள்.

"என்ன தாயி, உள்ளே பச்சைப்புள்ள தூங்குதா?" என்று மீன்காரி கேட்டாளாம்.

"ஆமா, நாப்பத்திரண்டு வயசுப் புள்ள" என்றாளாம் இவள்.

இதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

இரண்டு மாதத்தில் தலைவலி நின்றது. தூக்கம் வந்தது. பசித்தது. தட்டு பறக்கவில்லை. மேரியில் என் பக்கத்து மேசைக்காரர், "என்ன ஓய், முகத்துல ஒரு களை வந்திருக்கு? சின்ன வீடு எதுவும் வச்சுட்டீரா?" என்று கேட்டார். நான் அவருக்குத் தியானத்தின் நன்மைகளை முக்கால் மணி நேரம் எடுத்துரைத்தேன். நாடி சீராகிறது, கோபம் கரைகிறது, சுற்றியிருப்பவர்களிடம் அன்பு பெருகுகிறது. அன்பு பெருகுகிறது என்பதையும் கூச்சமில்லாமல் சொன்னேன். "வெளியே என்ன சத்தம் கேட்டாலும் எனக்குக் கேக்கிறதே இல்லைங்க" என்றும் சொன்னேன். கேட்பதற்கு எதையும் அவள் விட்டுவைக்கவில்லை என்பது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

ஆடி மாதத்தில் அவளுக்கு இருமல் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் வீட்டில் இருக்கும்போது அடக்கிக்கொள்வாள். பன்னிரண்டு மணிக்குக் கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு லாத்தா வீட்டுக்குப் போய், அங்கே மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு இருமுவாள். ஒரு மணிக்குத் திரும்பி வந்து முள்ளைத் திருத்திக் கடிகாரத்தை ஓடவிடுவாள். என் மனம் அடங்கிவிட்டது என்று நான் மார்தட்டிய அந்த மாதங்களில்தான் இது நடந்தது. அதே மாதங்களில் காசநோயில் செத்தவர்களின் பெயர்களை என் கையால் பதிவேட்டில் எழுதினேன். இருமல் எத்தனை மாதம், ரத்தம் எப்போது வந்தது என்று உறவுக்காரர்கள் கேட்காமலே சொல்லி அழுவார்கள். அடையாளங்கள் எனக்கு மனப்பாடம்.

ஐப்பசியில் ஒரு நாள், மழை விட்டிருந்த நடுப்பகல். நான் கண்ணை மூடியிருந்தேன். கொல்லைப்பக்கமிருந்து ஈரக் காலோடு லாத்தா கூடத்துக்குள் வந்தார். அதற்குமுன் ஒருநாளும் அந்த அம்மாள் என்னெதிரில் வந்ததில்லை.

"கண்ணைத் தொறங்க தம்பி."

பின்னாலிருந்து என் மனைவியின் குரல்: "லாத்தா, வேணாம். அவங்க உட்கார்ந்திருக்காங்க."

"உட்காந்தது போதும். எந்திரிக்கச் சொல்லு." லாத்தா ஒரு துணியை என் பாயின்மேல் போட்டார். என் மனைவியின் முந்தானைக் கிழிசல். சிவப்பாக நனைந்திருந்தது. "அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன் தம்பி, நாலு மாசமா எங்க மாட்டுக்கொட்டாயில உட்காந்து இருமுறா. உங்க காதுல என்ன, ஈயத்தையா ஊத்தி வச்சிருக்கீங்க?"

நான் அந்தக் கணம் உணர்ந்தது என்ன என்பதையும் எழுதிவிடுகிறேன். எரிச்சல். தியானம் கலைந்துவிட்டதே என்ற எரிச்சல். துணியைப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "எவ்வளவு நாளா இருமல்?" என்று என்னைக் கேட்டார்.

"இப்பத்தாங்க, பத்து நாளா" என்றாள் அவள் முந்திக்கொண்டு.

"ஆடியிலேருந்து" என்றார் கூடவே வந்திருந்த லாத்தா.

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஒரே வீட்டுலதானே சார் இருக்கீங்க? நீங்க கவனிக்கலையா?"

"ஆபீஸ்ல வேலை அதிகம்" என்றேன். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பொய்யையும் அவள்தான் எனக்காகச் சுமந்தாள்.

ஒன்றரை வருஷம் வெளியூரில் காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊசி போட்டார்கள். பிழைத்தாள். இடது நுரையீரல் பாதிதான் மிஞ்சியது. நாலு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால் முழுதாகவே காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். நான் அந்தப் புத்தகத்தை எரித்தேன். அதுவும் கோழைத்தனம்தான். மனைவியின் இருமலைக் கேட்காதே என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

அவள் வீடு திரும்பிய மறுநாள். சுவர்க்கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. பாயைச் சுருட்டி எறிந்து வெகுநாள் ஆகியிருந்தது. நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளுக்கு இருமல் முட்டியது. உடனே எழுந்து கொல்லைக் கதவை நோக்கி நடந்தாள்.

"எங்கே போறே? இங்கேயே இருமு. யார் உன்னை என்ன சொல்லப்போறா?" என்றேன்.

"பழகிப்போச்சுங்க" என்றாள் திரும்பாமல். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

அதற்குப்பின் முப்பது வருஷம் என்னோடு வாழ்ந்தாள். எவ்வளவோ கெஞ்சியிருக்கிறேன், கோபித்தும் இருக்கிறேன். கடைசிவரை என்னெதிரில் அவள் ஒருமுறைகூட இருமவில்லை.